ஒரு கழுத்தில் எட்டுத் தாலி

ஏனுங்க அம்மணி, அந்தச் சங்கிலியைச் சித்த உள்ள எடுத்துப் போட்டுக்குங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. பஸ்ல வாரப்ப இப்படி மேல தொங்க விடப்படாது. புதுத் தாலியாட்டம் இருக்குது, கழுத்துல மஞ்சள் கூட அழியலை. தலை ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு வந்தீங்களா? அதானே பார்த்தேன். ஊக்கு இருந்தா ரவிக்கையோட சேர்த்துக் குத்திக்குங்க. இல்லீங்களா? இந்தாங்க, என்கிட்ட எப்பவும் ஒரு கொத்து இருக்கும். பயம் இருந்தாத்தானுங்க பத்திரம்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறை போறீங்களா? நானும் அங்கதான் போறேன், தாலிக்கயிறு மாத்தறக்கு.

என்னது? ஆமாங்க, ரெண்டுதான். ரெண்டு தாலி. முந்தானையை இழுத்து மூடிட்டு உக்காந்திருக்கேன், அப்படியும் பார்த்துட்டீங்க பாருங்க. நான் ரெண்டு கட்டுனவ இல்லீங்க, பயந்துக்காதீங்க. இது என்னுது. இது சிந்தாமணியோடது. அவ நல்லா இருக்கறா, உசுரோட இருக்கறா, அவ புருசன் ராக்கியண்ணனும் தோட்டம் தொரவுன்னு நல்லாத்தான் இருக்கறாரு. அவ தாலி எதுக்கு என் கழுத்துல இருக்குதுன்னா, அது கோவாவுக்குப் போன கதை. பவானி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்குதல்ல, சொல்றேன் கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, இந்தப் பரிமளத்து மேல என்ன தப்புன்னு.

எங்கூர்ல ஒரு வள்ளிக்கும்மிக் குழு இருக்குது. பொம்பளைங்க மட்டும், என்னோட சேர்த்து எட்டுப் பேரு. கோகிலாக்காதான் தலைவி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரை. கோயில் நோம்பி, கல்யாணம், கட்சிக்காரங்க கூட்டம்னு எங்க கூப்பிட்டாலும் போய் ஆடுவோம். பாட்டு எடுத்துக் குடுக்கறது சிந்தாமணி. அவ தொண்டையைத் தொறந்தா மைக்கே வேண்டாமுங்க, நாலு காட்டுக்குக் கேக்கும். நானும் அவளும் ஒரே தெருவுல, ஒரே ஆவணியில வாக்கப்பட்டு வந்தவங்க. அவ மாமியா திட்டுனா எங்கூட்டுக்கு வந்து அழுவா, என் மாமியா திட்டுனா நான் அவ ஊட்டுக்குப் போய் அழுவேன். அப்படி ஒரு பழக்கம்.

எனக்கு ஆட வராது. ரெண்டு சுத்து வந்தா மூச்சு வாங்கிப் போயிரும். ஆனா நான் இல்லாம குழு எங்கயும் போனதில்லை. ஏன்னா எல்லாரும் ஆடறப்ப அவங்கவங்க பை, செல்போன், சாவி, கழட்டி வெச்ச வளையல் எல்லாத்தையும் யாரு பாக்கறது? நான்தானுங்க. மேடைக்குப் பக்கத்துல ஒரு மூலையில உக்காந்துக்குவேன். எல்லாப் பையோட வாரையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து முடிச்சுப் போட்டுருவேன். திருடன் ஒண்ணை இழுத்தா எட்டும் சேர்ந்து வரணும், தூக்கிட்டு ஓட முடியாது பாருங்க. கன்னுக்குட்டி கட்டற முடிச்சு, எங்கய்யன் சொல்லிக் குடுத்தது. இழுக்க இழுக்க இறுகும். இத்தனை வருசத்துல எங்க குழுவுல ஒரு ஹேர்பின் தொலைஞ்சதில்லை.

இந்த வைகாசியில கோகிலாக்காவுக்குத் திடீர்னு ஒரு ஆசை. ஊர் ஊராப் போய் ஆடறோம், நமக்குன்னு ஒரு ஊர் பாக்க வேண்டாமா, கோவா போலாம்னுச்சு. சீசன் முடிஞ்சு போச்சு, ரூம் சல்லிசாக் கெடைக்குதுன்னு அவங்க பையன் செல்லுல பார்த்துச் சொன்னானாம். ஆம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. டீக்கடையில எங்கூட்டுக்காரரைப் புடிச்சு, “என்னப்பா, உம்பட ஊட்டுக்காரி கோவா போறாளாமா, வாரப்ப நமக்கு ஒரு பாட்டில் வாங்கியாரச் சொல்லு”ன்னாங்களாம். எங்கூட்டுக்காரர் ராத்திரி சோறு திங்கறப்ப, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. நீயெல்லாம் கோவா போயி என்ன பண்ணப் போறே? கூட வாரவளுகளையும் கெடுத்துப் போடுவே”ன்னாரு. அது மனசுல பொக்குனு போச்சு. நான் போகலைன்னே சொல்லிட்டேன். சிந்தாமணிதான் கேக்கலை. “நீ வராட்டி நானும் போகலை. நீ இருந்தாத்தான் எனக்குத் தைரியம்”னா.

இதைக் கவனிச்சு வெச்சுக்குங்க அம்மணி. நீ இருந்தாத்தான் தைரியம்னு சொன்னது அவ.

ரயில்ல போய் எறங்கினோம். கடலைப் பார்த்ததும் எல்லாரும் கத்திக் கூப்பாடு போட்டு ஓடறாங்க. நான் மணல்லயே நின்னுட்டேன். நம்மூர்ல வாய்க்காத் தண்ணி தெரியும், பவானி ஆறு தெரியும். அதுக்கெல்லாம் அக்கட்ட ஒரு கரை இருக்குதுங்க. இதுக்கு இல்லை. சும்மா கெடந்து உறுமுது. வானம் வேற மூட்டம் போட்டு, அலையெல்லாம் சாம்பல் நெறத்துல வருது. ஜனமும் அத்தனை இல்லை. கூட்டமா இருந்தாலாச்சும் ஒரு தைரியம்.

கூட்டம்தான் இல்லையே தவிர, எங்களைச் சுத்திக்கிட்டவங்களுக்குக் குறைச்சல் இல்லை. போட்டுல போலாம் வாங்க, பாராசூட்டுல பறக்கலாம் வாங்க, மாலை வாங்குங்க, கையில பச்சை வரையலாம் வாங்கன்னு இந்தியில, இங்கிலீசுல, ஒருத்தன் போனா ஒருத்தன். ஒருத்தன் சிந்தாமணி கையைப் புடிச்சே இழுத்தான். கோகிலாக்கா எங்களை எல்லாம் நிக்க வெச்சுச் சொன்னாங்க. “யாரு என்ன கேட்டாலும் மொகத்தைப் பாக்காதீங்க. தலையை ஆட்டி வேண்டாம்னுட்டுப் போயிட்டே இருங்க. பேச்சுக் குடுத்தா ஒட்டிக்குவாங்க.” அதையும் கவனிச்சு வெச்சுக்குங்க. சொன்னது கோகிலாக்கா, நான் இல்லை.

பொழுதோட குளிக்கலாம்னு கெளம்பினோம். அப்பத்தான் தாலிப் பேச்சு வந்துச்சு. கோகிலாக்காவோட நாத்தனா ராமேஸ்வரத்துல முங்கறப்ப சங்கிலி அறுந்து தண்ணியோட போயிருச்சாம். தாலியே போச்சு. அதைச் சொன்னதும் எல்லாரும் கழுத்தைப் புடிச்சுட்டு நிக்கறாங்க. ரூம்ல வெச்சுட்டு வரலாம்னா அந்தப் பூட்டை நம்ப முடியுமா? என் மகன் சோப்பு டப்பா மூடியிலயே அதைத் தொறந்துருவான். பையில போட்டு வெக்கலாம்னு எங்க குழு நிர்மலா சொன்னா. செருப்பு கெடக்கற பையில தாலியைப் போடுவியா, வெளங்குமான்னு நான்தான் சத்தம் போட்டேன். தாலியைத் தரையில வெக்கப்படாது, தாழ வெக்கப்படாது. சுமங்கலி கழுத்துல இருந்து எறங்குனா இன்னொரு சுமங்கலி கழுத்துலதான் ஏறணும். எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம் அது.

அப்புறம் என்ன, தண்ணிக்குள்ள எறங்காதவ நான் ஒருத்திதானே? எல்லாருடையதும் என் கழுத்துக்கு வந்துச்சு. வெறுங்கழுத்தோட எறங்கப்படாதுன்னு கோகிலாக்கா மஞ்சக்கயிறும் மஞ்சக்கிழங்கும் கையோட கொண்டாந்திருந்தாங்க. ஆளுக்கொண்ணு கட்டிட்டு, சாமி கும்புட்டுட்டு, ஒவ்வொருத்தியா வந்து சங்கிலியைக் கழட்டி எனக்குப் போட்டாங்க. கடைசியா சிந்தாமணி. அவ போட்டுட்டுச் சொன்னா, “யாரு வந்து கேட்டாலும் குடுக்காதே புள்ளை. கோகிலாக்கா கேட்டாக்கூட குடுக்காதே. நானே வந்து என் கையால கழட்டிக்கறேன்.” சிரிச்சுட்டேதான் சொன்னா. ஆனா நான் சிரிக்கலை. சரின்னு தலையில கையை வெச்சுச் சத்தியம் பண்ணுனேன்.

எட்டுத் தாலிங்க. என்னுதும் சேர்த்து. கழுத்தே முன்னால இழுக்குது. எட்டு ஆம்பளைங்க உசுரு ஒரு கழுத்துல தொங்குது. நகைக்கடைப் பொம்மையாட்டம் அந்த மணல்ல நான் தன்னந்தனியா. முந்தானையை எடுத்துக் கழுத்தைச் சுத்தி, காதையும் சேர்த்து மூடிட்டேன். உள்ளுக்குள்ள நெஞ்சு அடிக்கறது சங்கிலியில தெரியுதுங்க. கிணுகிணுன்னு ஆடுது.

எடம் பார்த்ததும் நான்தான். மணல்ல ஒரு எடத்துல செவப்புக் கொடி நட்டிருந்துச்சு. சுத்துப்பட்டு எங்கயும் அப்படி அடையாளம் இல்லை. “இந்தக் கொடிக்கு நேரா எறங்குங்க, எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும், நீங்களும் என்னைக் கண்டுபிடிச்சுக்கலாம்”னேன். நம்மூர்ல கொடி கட்டுனா என்னங்க அர்த்தம்? கூட்டம் கூடற எடம், பந்தோபஸ்து இருக்கற எடம். கவர்மெண்டே பார்த்து வெச்ச எடம்னு நெனைச்சோம். நான் மட்டும் நெனைக்கலை, எல்லாருந்தான் தலையை ஆட்டுனாங்க. கொடிக்குப் பக்கத்துல ஒரு கம்பு. அதுல செவப்பா, தலையணை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக்கு, நீள வார் போட்டுத் தொங்குச்சு. நல்லதாப் போச்சுன்னு எட்டுப் பையையும் அந்த வாரோட சேர்த்து முடிச்சுப் போட்டேன். கன்னுக்குட்டி முடிச்சு. மேல ஈரம் படாம இருக்க அவுத்துப் போட்ட சேலையெல்லாம் போத்தி விட்டேன்.

எல்லாரும் நைட்டியோட எறங்கிட்டாங்க. இடுப்பளவு தண்ணியில கையைக் கோத்து, வட்டம் கட்டி, கும்மி. சிந்தாமணி பாட்டு எடுக்கறா. அலை வந்து அடிக்கறப்ப அவ பாட்டு அமுங்குது, போனதும் மறுபடி கேக்குது. நெம்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. அந்த நேரம் மட்டும் எனக்குக் கூட பயம் கொஞ்சம் விட்டுச்சு.

அப்பத்தான் அவன் வந்தான்.

மஞ்சச் சட்டை, செவப்பு டவுசர், கறுத்த ஆளு. கழுத்துல விசில். தூரத்துல இருந்தே ஊதிட்டு வாரான். என்கிட்ட வந்து கடலைக் காட்டறான், கொடியைக் காட்டறான், கையை இப்படி வா வான்னு ஆட்டறான். வாயில என்னமோ படபடன்னு. எனக்கு ஒண்ணும் புரியலை. போட்டுக்காரன்னு நெனைச்சுத் தலையை ஆட்டினேன், வேண்டாம்னு. மொகத்தைப் பாக்கலை. அவன் விடலீங்க. என் முன்னால வந்து குனிஞ்சு, மறுபடி கடலைக் காட்டறான். குனிஞ்சப்ப முந்தானை காத்துல வெலகிப் போச்சு. அவன் கண்ணு என் கழுத்துல விழுந்துச்சு. நான் பார்த்தேன். நிச்சயமாப் பார்த்தேன். எட்டுச் சங்கிலியையும் பார்த்துட்டான்.

முந்தானையை வெடுக்குனு இழுத்து மூடிட்டேனுங்க. அவன் தண்ணிப் பக்கம் ஓடி, விசில் ஊதி, எங்காளுகளைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டறான். எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுங்களா? கூட்டாளிகளைக் கூப்பிடறான்னு தோணுச்சு. சரியா அந்த நேரம் பார்த்து அக்கட்ட தூரத்துல இருந்து இன்னொரு மஞ்சச் சட்டை ஓடி வாரான். ரெண்டு பேரு. எட்டுத் தாலி. நான் ஒருத்தி. ஓடவும் முடியலை, உக்காரவும் முடியலை. மாரியாத்தா மாரியாத்தான்னு வாய் மட்டும் சொல்லுது.

மொதல்ல வந்தவன் திரும்பி எம்மேல பாய்ஞ்சு வாரான். சும்மா நடந்து இல்லீங்க, தலைதெறிக்க ஓடி வாரான். வந்தவன் சேலையெல்லாம் வாரி எறிஞ்சுட்டு அந்தச் செவப்புப் பிளாஸ்டிக்கைப் புடிச்சு இழுக்கறான். அதோட எட்டுப் பையும் வருது. நான் விடுவேனா? பையைப் புடிச்சுத் தொங்கிட்டேன். அவன் கத்தறான், நானும் கத்தறேன். முடிச்சை அவுக்கப் பாக்கறான். எங்கய்யன் முடிச்சு, அவன் பல்லால கடிச்சும் அவுரலை. இழுத்தான், இன்னும் இறுகிப் போச்சு. குடையை எடுத்து அவன் மணிக்கட்டு மேல ரெண்டு போட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்குதே அம்மணி, திருடன் பார்வை மாதிரியே இல்லை. அழுகறவன் பார்வை. அந்தப் பிளாஸ்டிக்கை அப்படியே போட்டுட்டு, வெறுங்கையோட தண்ணிக்குள்ள ஓடிப் பாய்ஞ்சான்.

பையை விட்டுட்டானே, இனி கழுத்துக்குத்தான் வருவாங்க, இன்னொருத்தன் வேற வந்துட்டே இருக்கறான்னு நெனைச்சேன். எந்திரிச்சு ரோட்டுப் பக்கம் ஓடினேன். ரெண்டு கையாலயும் கழுத்தைப் பொத்திட்டு ஓடறேன். மணல்ல கால் பொதையுது. பொறகால யாரோ கத்தறாங்க, விசில் கேக்குது. நான் திரும்பலை. திரும்புனா போச்சுன்னு எனக்குத் தெரியும்.

ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ள நுழைஞ்சு, கக்கூசுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டேன். நாத்தம். இருட்டு. மூலையில குந்திட்டு எட்டுத் தாலியையும் வாய்க்குள்ள போட்டுக்கலாமான்னு கூட ரோசனை பண்ணுனேன், சிரிக்காதீங்க. கொஞ்ச நேரத்துல கதவை இடிக்கறாங்க. இந்தியில என்னமோ கேக்கறாங்க. நான் மூச்சு விடலை. அப்புறம் ஒரு பொம்பளை குரல். “பரிமளம், கதவைத் தொற.” கோகிலாக்கா குரல்தான். ஆனா குரல் ஒரு தினுசா நடுங்குச்சு. இவங்களைப் புடிச்சு வெச்சுட்டு, கழுத்துல கத்தியை வெச்சுக் கூப்பிடச் சொல்றாங்கன்னு நெனைச்சுப்புட்டேன். சத்தியம் வேற பண்ணிருக்கறேன், கோகிலாக்கா கேட்டாலும் குடுக்கறதில்லைன்னு. தொறக்கலை.

“சிந்தாமணி எங்க? அவளை வந்து கூப்பிடச் சொல்லுங்க, தொறக்கறேன்”னேன்.

வெளிய சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்துலதான் எனக்கு நெசமாலுமே பயம் வந்துச்சு. அது வரைக்கும் வந்ததெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க.

தாழ்ப்பாளை எடுத்தேன். தொறந்தா கோகிலாக்கா நைட்டி சொட்டச் சொட்ட நிக்கறாங்க. “சிந்தாமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க”ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

நடந்தது என்னன்னா, வட்டத்துல கடல் பக்கம் நின்னவ சிந்தாமணி. காலுக்கடியில மணலை அரிச்சுட்டுப் போற மாதிரி ஒரு இழுப்பு வந்துச்சாம். கை விட்டுப் போச்சு. மத்தவங்க விழுந்து பொரண்டு கரையேறிட்டாங்க. இவளை உள்ளுக்கு வாங்கிட்டுப் போயிருச்சு. அந்த மஞ்சச் சட்டைக்காரன் போய் அவ முடியைப் புடிச்சுத் தலையைத் தூக்கிட்டு, அவனும் சேர்ந்து போறானாம். அந்தச் செவப்புப் பிளாஸ்டிக்கு மிதக்கறதாம். அதைப் புடிச்சா ஆளு முங்காதாம். அது இல்லாம அவன் கையிலயே தாங்கிட்டு இருந்தானாம். இன்னொருத்தன் மோட்டார் வெச்ச படகு ஒண்ணுல போய் ரெண்டு பேரையும் தூக்குனப்ப இவளுக்கு நெனைப்பு இல்லை. அந்தக் கொடிக்கும் இங்க குளிக்காதேன்னு அர்த்தமாம். எனக்கு எப்படிங்க தெரியும்? தமிழ்ல எழுதியா வெச்சிருந்தாங்க?

ஆஸ்பத்திரி வராந்தாவுல பெஞ்சு மேல உக்காந்திருந்தேன். ஒவ்வொருத்தியா வந்தாங்க. என் கழுத்துல இருந்து அவங்கவங்களுதைப் பார்த்து எடுத்துட்டுப் போனாங்க. நிர்மலா எடுக்கறப்ப என் முடியில சிக்குச்சு, வெடுக்குனு இழுத்தா. கழுத்து லேசாயிட்டே வந்துச்சு. கடைசியா ரெண்டு நின்னு போச்சு. கோகிலாக்கா சிந்தாமணியோடதுக்குக் கையை நீட்டுனாங்க. “அவ கையாலதான் கழட்டுவேன்னு சொல்லியிருக்கா”ன்னு நான் பொத்திக்கிட்டேன். அந்தம்மா என்னைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

பொழைச்சுட்டா. ஒரு வாரம் கெடந்து, கண்ணு முழிச்சு, ஊருக்கும் வந்துட்டா. தொண்டையில கொழாய் போட்டதுல குரல் மட்டும் போச்சு. பேசுனா காத்தாட்டம் வருது. பாட்டு இனி வராதுன்னுட்டாங்களாம். குழுவுல இப்பப் பாடறது வேற ஒருத்தி. பையெல்லாம் பாக்கறதுக்கு யாரையும் வெக்கலை போல. எனக்குச் சொல்லி அனுப்பறதே இல்லை.

நான் அவ ஊட்டுக்குப் போனேனுங்க. போகாம இருப்பேனா? ரெண்டு தடவை ராக்கியண்ணன் வாசல்லயே, தூங்கறா தங்கச்சி, அப்புறம் வான்னாரு. மூணாவது தடவை அவளே கட்டில்ல உக்காந்திருந்தா. கழுத்துல அந்தக் கடல்ல கட்டுன மஞ்சக்கயிறுதான் இன்னும். உப்புல நெறம் போயி நூல் பிரிஞ்சு கெடக்குது. “இந்தா புள்ளை, உன் கையால கழட்டிக்க”ன்னு கழுத்தைக் குனிஞ்சு நீட்டுனேன். அவ கையைத் தூக்கலை. காத்துக் குரல்ல சொன்னா. “நான் உன்னைத்தான் பார்த்துட்டு இருந்தேன் பரிமளம். தண்ணிக்குள்ள இருந்து பாக்கறப்ப உன் முதுகுதான் தெரிஞ்சுது.”

அவ்வளவுதான் சொன்னா. நீங்களே சொல்லுங்க, என் முதுகுல என்னங்க இருக்குது? ஓடறவளுக்கு முதுகு தெரியாம மொகமா தெரியும்? அதை வெச்சு ஒருத்தி இத்தனை வருசப் பழக்கத்தை முறிப்பாளா? ஏழு பேரு தாலியை ஒரு குந்துமணி குறையாம காப்பாத்துனவ நான். வாய் தொறந்து ஒருத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லலை. அவன் திருடனாவே இருந்திருந்தா, இதே ஓட்டத்துக்கு என்னைத் தூக்கி வெச்சுக் கும்மி அடிச்சிருப்பாளுக.

அதை விடுங்க. இப்ப இதை வெச்சுட்டு நான் படற பாடு யாருக்குத் தெரியும்? கழட்டி வெக்கப் பயமா இருக்குது. கழட்டி வெச்சு ராக்கியண்ணனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? போட்டுட்டு இருக்கவும் பயமா இருக்குது. இன்னொருத்தி தாலியைப் போட்டுட்டு என் ஊட்டுக்காரருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அவரு தும்முனாலும் எந்திரிச்சு உக்காந்துக்கறேன். ராக்கியண்ணன் பைக்குச் சத்தம் தெருவுல கேக்கற வரைக்கும் சோறு எறங்கறதில்லை. குளிக்கறப்ப, தூங்கறப்ப, எப்பவும் ஒரு கை கழுத்துலயே இருக்குது. கண்ணை மூடுனா விசில் கேக்குது. சில நாளு பாட்டும் கேக்குது.

அதனாலதான் இன்னிக்குப் போறேன். பதினெட்டுக்கு எங்க குழு கூடுதுறையிலதான் கயிறு மாத்தும், அவளும் வந்துதான் ஆகணும். அந்தப் படித்துறைத் தண்ணியை நெனைச்சாலே பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் எறங்கி, அவ முன்னால போய் நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ கையால கழட்டட்டும். ஆத்துத்தண்ணி சாட்சியா ரெண்டு பேரும் புதுக்கயிறு கட்டிக்குவோம். அதோட முடிஞ்சுது.

என்ன கேட்டீங்க? அன்னிக்குக் கடல்ல இருந்து அவ என்னைக் கூப்பிட்டாளான்னா?

கூப்பிட்டா. கூப்பிடாம என்ன. பரிமளம், பரிமளம்னு. அவ குரலுக்குக் கேக்காம போகுமா, நாலு காட்டுக்குக் கேக்கற குரல். நான் ஓட ஆரம்பிச்சப்ப கேட்டுச்சு. நகையைப் பத்திரமாப் பார்த்துக்கன்னு சொல்றாளாக்கும்னு நெனைச்சேன். வேற எதுக்குக் கூப்பிடப் போறா?

ஏன் அம்மணி அப்படிப் பாக்கறீங்க?

பவானி வந்துருச்சாட்டம் இருக்குது. அடேயப்பா, என்ன கூட்டம். ஆறு ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகுது பாருங்க. செவேல்னு கெடக்குது. இத்தனை தண்ணி இருக்கும்னு நான் நெனைக்கலை. அதோ பச்சைச் சேலை, எங்க குழுதான். கோகிலாக்கா. அந்தச் சுவத்தோரம் நிக்கறது சிந்தாமணி. எளைச்சுப் போயிட்டா. பஸ்ஸைத்தான் பாக்கறா.

என்னையா கூப்பிடறா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. வாய் அசையுது, கையைத் தூக்கறா, ஆமா. நீங்க பஸ்ஸுக்குள்ள இருந்து பாக்கறதுக்கு அப்படித் தெரியுது. எனக்கு அவளைப் பத்தித் தெரியும். இந்தக் கூட்டத்துல எறங்காதே, நகையைப் பத்திரமாப் பார்த்துக்கங்கறா. பதினெட்டுக்குன்னே சங்கிலி அறுக்கற கூட்டம் வரும், கேள்விப்பட்டதில்லையா? அந்த ரெண்டு பேரு படியில நிக்கறாங்களே, அவங்க பார்வையே சரியில்லை.

நீங்க எறங்குங்க அம்மணி, ஊக்கைக் கழட்டிராதீங்க. கண்டக்டர் தம்பி, நான் எறங்கலை, எனக்கு ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட்டுப் போடுங்க. போறப்ப அந்த ஜன்னலைச் சித்த எறக்கி விட்டுட்டுப் போங்க அம்மணி. நான் இக்கட்டத் திரும்பி உக்காந்துக்கறேன்.